பழைய சரக்கு டிரெய்லருக்குள் மெத்தை போட்டால் கேம்பர் ஆகிவிடுமா?

தெம்பனிஸ்வாசி | மார்ச் 2, இரவு 10:40

ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் என் அண்ணன் வீட்டுப் பக்கத்தில் ஒருவர் பழைய சாமான் டிரெய்லர் விற்கிறார். நாலு பக்கமும் அடைத்த தகரப் பெட்டி, எட்டடி நீளம், ஒரே ஆக்ஸில் (சக்கர அச்சு). கேரவன் விலையில் கால்வாசிகூட வராது. உள்ளே ஃபோம் ஒட்டி, மெத்தை போட்டு, சின்னதா ஒரு ஏர்கோன் மாட்டினால், காருக்குப் பின்னால் இழுத்துப் போய் உள்ளே தூங்கும் கேம்பர் முடிந்தது, இதுக்குப் போய் ஏன் ஜனங்கள் அவ்வளவு கொட்டிக் கொடுக்கிறார்கள் என்கிறார் அண்ணன். ஜூன் ஸ்கூல் லீவில் நாங்கள் போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து கட்டுவதாகத் திட்டம். இங்கே யாராவது செய்திருக்கிறீர்களா? கட்டி முடித்து சிங்கப்பூருக்குக் கொண்டுவந்து ஜோகூர் பக்கம் இழுத்துப் போகலாமா?

குளிர்லோரி | மார்ச் 3, காலை 6:15

கடைசிக் கேள்வியை முதலில் தீர்த்துவிடுவோம். இங்கே கொண்டுவரும் யோசனையை விடுங்கள். கொண்டுவந்தால் எங்கே நிறுத்துவீர்கள்? புளோக் பக்கத்துப் பல மாடிக் கார் நிறுத்துமிடத்தில் உயரக் கம்பியே வாசலில் மறித்துவிடும். பாசிர் ரிஸ்ஸிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் தேசியப் பூங்காக் கழகம் கொடுக்கும் அனுமதி கூடாரத்துக்குத்தான். பெர்த்திலேயே கிடக்கட்டும். ஐந்து மணி நேர விமானம், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம்.

அண்ணன் சொன்னதில் ஃபோமும் மெத்தையும் சரி. ஏர்கோன் கதையைப் பிறகு பார்ப்போம். அவர் சொல்லாமல் விட்டது தண்ணீர். நான் சொல்வது மழைத் தண்ணீரை அல்ல. வேலைக்குக் கிளம்பணும், ராத்திரி எழுதுகிறேன்.

குளிர்லோரி | மார்ச் 3, இரவு 9:50

துவாஸில் குளிர்லோரிப் பெட்டி கட்டும் பட்டறையில் இருக்கிறேன். மீன், ஐஸ்கிரீம், உறைந்த கோழி ஏற்றும் லோரிகளின் முதுகில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பெட்டி, அதுதான் பிழைப்பு.

பெர்த்தில் கேனிங் வேல் பக்கம் இருக்கும் என் மச்சான் இதே மாதிரி ஒரு டிரெய்லர் வாங்கினார். டைல்ஸ் ஒட்டும் ஒருவர் வைத்திருந்து, பாதி கேம்பராக்கி, அலுத்துப்போய் விற்றது. உள்சுவர் முழுக்கச் சாம்பல் நிறக் கம்பள விரிப்பு ஒட்டியிருந்தார். கூரை மட்டும் வெறும் தகரம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஜூலை மாதம் பெர்த்திலிருந்து தெற்கே ஆல்பனி ஊருக்குப் போகிற வழியில் நானும் மச்சானும் அதில் தூங்கினோம். விடிகாலையில் நெற்றியில் ஏதோ சொட்ட, டார்ச் அடித்துப் பார்த்தேன். கூரையில் ஒவ்வொரு ரிவெட் தலையிலும் ஒரு சொட்டு, வரிசை பிசகாமல் தொங்கியது. குறுக்குச் சட்டம் ஓடும் இடமெல்லாம் ஈரக்கோடு. கம்பளத்தின் ஓரத்தைப் பிய்த்தேன், பின்னாலிருந்து துரு நிறத் தண்ணீர் மணிக்கட்டு வழியாக முழங்கை வரை ஓடியது. மெத்தையைத் தூக்கினால் அடியில் கரும்புள்ளி பூத்திருந்தது.

எங்கிருந்து வந்தது இவ்வளவு தண்ணீர்? எங்கள் இருவரிடமிருந்துதான். தூங்கும் ஆள் ஒருவர் மூச்சிலும் வேர்வையிலும் ராத்திரிக்குக் கால் லிட்டர் போல விடுகிறார். அங்கே ஜூலை ராத்திரி 8 டிகிரி வரை இறங்கும். உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோத்துவிடும். தகரம் 8 டிகிரியில் காத்திருக்கிறது.

என் தொழிலில் இது தலைகீழ். இங்கே வெளிக்காற்று 28 டிகிரி, ஈரம் 85 விழுக்காடு. லோரிக்குள் மைனஸ் 18. ஈரம் வெளியிலிருந்து உள்ளே நுழையப் பார்க்கும். அதனால் வெளித்தோலில் ஊசிமுனை ஓட்டைகூட விடமாட்டோம். மூலைப்பட்டையில் ஒரு ரிவெட் தளர்ந்தால் போதும், சுவருக்குள் ஈரம் இறங்கி ஐஸ் கட்டி, நாளாக ஆகப் பெட்டி கனத்துக்கொண்டே போகும். பெர்த் குளிர்காலத்துக் கேம்பரில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது, தகரம் விடாது, சுவருக்குள்ளேயே தண்ணீராகிறது. ஆகவே ஃபோம் எத்தனை அங்குலம் என்பது இரண்டாவது கேள்வி. ஈரக்காற்று தகரத்தைத் தொடாமல் உள்பக்கத்தை அடைத்தீர்களா, அதுதான் முதல் கேள்வி.

எப்படி என்றால்: 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (இறுக்கமான பாலிஸ்டைரீன் ஃபோம்) பலகை, தகரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டணும். மூட்டுகளில் டேப். சட்டங்களின் மேலும் மெல்லிய ஃபோம் பட்டை போடணும், விட்டால் அந்தக் கோடு மட்டும் குளிர்ந்து, நான் சொன்ன ரிவெட் கதைதான். அதற்கு மேல் பிளைவுட். ஃபோமைத் திறந்தபடி விடாதீர்கள், தீப்பிடித்தால் புகை ஆளை முடித்துவிடும்.

அதோடு காற்று. கூரையில் 14 அங்குல விசிறி ஒன்று, எதிர்ப்பக்கம் தாழ்வாக ஒரு திறப்பு. குளிருது என்று இரண்டையும் மூடிக்கொண்டு தூங்கினால் எந்த ஃபோமும் காப்பாற்றாது.

குளிர்லோரி | மார்ச் 4, மதியம் 12:30

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக. தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், வெள்ளித்தாள் குமிழ் விரிப்பு ஒட்டினால் போதாதா என்று. வெள்ளித்தாள் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவது எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான். தகரத்தோடு ஒட்டிவிட்டால் அது நாலு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குமிழ், அவ்வளவே. கார் கண்ணாடிக்கு மறைப்பாக வெட்டி வைக்க நல்லது.

இன்னொன்று. டின்னில் வரும் காண்டாக்ட் பசையை எக்ஸ்பிஎஸ்ஸில் தடவாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும், அரை மணி நேரத்தில் பலகை குழிகுழியாகிவிடும். ஃபோமுக்கு என்றே எழுதிய பாலியூரிதேன் பசை வாங்குங்கள்.

தெம்பனிஸ்வாசி | மார்ச் 4, இரவு 8:05

இரண்டு கலவையைக் கலந்து பீய்ச்சும் ஃபோம் இருக்கிறதே அண்ணே, அதை அடித்தால் இடைவெளியே இருக்காதே? அண்ணன் அதைத்தான் சொல்கிறார்.

குளிர்லோரி | மார்ச் 4, இரவு 11:20

அதை நாங்கள் தினம் கையாள்கிறோம், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். பட்டறையில் இரண்டு தகட்டையும் கனமான அழுத்துப் பலகைக்குள் இறுக்கிவிட்டுத்தான் ஃபோம் விடுவோம். அது பொங்கும்போது தரும் அழுத்தம் சாதாரணம் இல்லை. உங்கள் டிரெய்லரின் மெல்லிய தகடு வெளியே வயிறு தள்ளிவிடும். சந்து பொந்தை அடைக்க டின் ஃபோம் கொஞ்சம் பயன்படுத்தலாம். பொங்கியதை மறுநாள் கத்தியால் சீவிக்கொள்ளலாம்.

குளிர்லோரி | மார்ச் 6, இரவு 10:10

யீஷூன்காரர் "ஏர்கோன் இல்லாத கேம்பர் என்ன கேம்பர்" என்கிறார். சரி, கணக்குப் போடுவோம்.

12 வோல்ட், 100 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் அடங்குவது சுமார் 1.28 யூனிட். சின்ன ஏர்கோன் 700 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரம்கூட முழுசாக ஓடாது. கூரையில் 200 வாட் சோலார் பலகை போட்டால் நல்ல கோடை நாளில் 1 யூனிட் கிடைக்கும். அதில் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் மட்டும் அரை யூனிட் வரை தின்னும். மிச்சத்தில் விசிறி, விளக்கு, போன். ஏர்கோனுக்கு எங்கே இடம்?

கேரவன் பார்க்கில் 240 வோல்ட் சொருகினால் ஓட்டலாம். ஆனால் அந்த வயரிங்கை ஆஸ்திரேலியாவில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்யணும். "நம்மாளு சிம் லிம் டவர் எலக்ட்ரானிக்ஸ் கடையில் இருபது வருஷம், அவர் பார்த்துக்குவார்" எல்லாம் அங்கே செல்லாது. கேஸ் இணைப்பும் அப்படியே. 12 வோல்ட் பக்கம் நீங்களே செய்யலாம்.

பெர்த் வெயில் நம்ம ஊர் வெயில் இல்லை. வறண்ட சூடு, நிழலுக்குப் போனால் விட்டுவிடும். பிற்பகலில் கடற்காற்று வேறு வரும், அதற்கு அந்த ஊர்க்காரர்கள் ஃப்ரிமேண்டில் டாக்டர் என்று பெயரே வைத்திருக்கிறார்கள். மரநிழல் பார்த்து நிறுத்தி, கூரைக்கு வெள்ளை அடித்து, விசிறியை வெளிநோக்கி ஓட்டினால் பத்து மணிக்குத் தூக்கம் வந்துவிடும்.

குளிர்லோரி | மார்ச் 6, இரவு 10:25

மறந்தது. லித்தியம் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழைய வீடியோக்களைப் பார்த்துக் கட்டாதீர்கள். அங்கே 2023 நவம்பரிலிருந்து விதி மாறிவிட்டது. தூங்கும் இடத்துக் காற்றோடு கலக்காமல் அடைத்து, வெளியே காற்றுவழி வைத்த பெட்டிக்குள்தான் இருக்கணும். டிரெய்லரின் மூக்குப் பக்கக் கம்பியில் (காரோடு மாட்டும் முன்கம்பி) ஒரு பூட்டுப் பெட்டி போட்டால் சிக்கல் தீர்ந்தது. பேட்டரியை இங்கேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா என்று யாரும் கேட்பதற்கு முன்: இவ்வளவு பெரிய லித்தியம் பேட்டரியைப் பயணப் பெட்டியில் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள்.

குளிர்லோரி | மார்ச் 9, காலை 11:00

அண்ணன் டிரெய்லரைப் பார்க்கப் போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். பெயின்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் ஒரு பழைய ஸ்கிரூடிரைவரும் ஜாக்கியும் போதும்.

குப்புறப் படுத்து அடியில் சேசிஸைப் பார்க்கணும், வெல்டிங் மூட்டுகளை முக்கியமாக. மேல்துரு பரவாயில்லை, செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம். உள்ளே தரைப் பிளைவுட்டின் நாலு மூலையிலும், கதவு வாசலிலும் ஸ்கிரூடிரைவரை அழுத்திக் குத்தணும். இறங்கினால் மரம் ஊறிவிட்டது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டணும். ஆட்டம் கண்டால் பேரிங், சுற்றிவிட்டுக் கரகரவென்றாலும் பேரிங். அது சின்னச் செலவு, விலையில் கழித்துக்கொள்ளலாம். ஸ்பிரிங் பட்டையில் விரிசல் இருக்கிறதா பார்க்கணும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2316 என்றால் 2016-இன் 23-ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் காய்ந்து சாவதுதான் அதிகம். டயரின் வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

மழை பெய்து முடிந்த மறுநாள் போய்ப் பார்ப்பது உத்தமம். மார்ச்சில் பெர்த்தில் மழைக்கு எங்கே போவது? விற்பவரிடம் கேட்டுத் தோட்டக் குழாயைக் கூரைமேல் பத்து நிமிஷம் பிடித்துவிட்டு உள்ளே போய் நிற்கணும். தயங்கினார் என்றால் அதிலேயே பதில் இருக்கிறது.

குளிர்லோரி | மார்ச் 10, இரவு 9:15

சமையல் பற்றிக் கேட்ட அக்காவுக்கு: தாளிப்பதை உள்ளே வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டடிப் பெட்டிக்குள் கடுகு வெடித்தால் அந்த வாசனை மெத்தையில் ஏறி அடுத்த தீபாவளி வரை இருக்கும். அது போகட்டும் என்றாலும், கேஸ் எரிந்தால் நீராவியும் வருகிறது, மறுபடி தண்ணீர்ப் பிரச்சினை. காற்று போதாவிட்டால் கார்பன் மோனாக்சைடு, அது மூக்குக்கே எட்டாது. குளிருக்கு அடுப்பை மூட்டிவைத்துத் தூங்குகிறவர்கள் செத்துப்போவது இப்படித்தான். பின்கதவுக்கு வெளியே இழுத்து மாட்டும் ஒரு தட்டு போதும், மேலே தார்ப்பாய். சிலிண்டர் வெளியே, மூக்குக் கம்பியில். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். பெர்த் விமான நிலைய நாய் என் மாமியாரைவிடக் கறாரானது. தேக்காவில் வாங்கிய பொடிகளைப் பொட்டலம் பிரிக்காமல், படிவத்தில் எழுதிக் காட்டிவிடுங்கள். உளி, அரம், ரிவெட் துப்பாக்கி கொண்டுபோனால் மண் ஒட்டாமல் கழுவி வையுங்கள், அதையும் பார்ப்பார்கள்.

தெம்பனிஸ்வாசி | மார்ச் 14, இரவு 11:30

அண்ணன் வரைபடம் அனுப்பியிருக்கிறார். 18 மி.மீ. பிளைவுட்டில் கட்டில், அலமாரி, பின்பக்கத்தில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. டிரெய்லருக்குப் பிரேக் கிடையாது, மொத்த எடை 750 கிலோ என்று தகட்டில் இருக்கிறதாம்.

குளிர்லோரி | மார்ச் 15, காலை 8:40

உங்கள் அண்ணன் கேம்பர் கட்டவில்லை, கட்டில் கடை வைக்கிறார்.

அந்த 750 கிலோ சும்மா எழுதிய எண் இல்லை. ஆஸ்திரேலியாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு உச்சவரம்பு அது. அதற்கு மேல் 2,000 கிலோ வரை பிரேக் கட்டாயம், அதையும் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், பிய்த்துக்கொண்டால் தானே பிடிக்கும் ஏற்பாடும். வெறும் பெட்டியே அந்த 750-இல் பாதிக்கு மேல் எடுத்திருக்கும். மிச்சத்தில்தான் உங்கள் வீடு. முழு 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. நாலு பலகை ஏற்றினால் ஒன்றரை ஆள் எடை ஏறிவிட்டது. 9 மி.மீ. எடுங்கள், அடியில் பைன் சட்டம் கொடுங்கள், தேவையில்லாத இடத்தில் வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். கட்டில் தாங்கும். பேட்டரியிலும் பார்க்கலாம்: 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரி 30 கிலோ போல, லித்தியம் அதில் பாதிகூட இல்லை. ஈயத்தில் பாதிச் சக்தியைத்தான் எடுக்க முடியும் என்பதையும் சேர்த்தால் விலை வித்தியாசம் அவ்வளவாக உறுத்தாது.

எடையைவிட மோசம் எடை உட்காரும் இடம். பின்பக்கத்தில் 80 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிலோ ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்குகிறது. முன்பக்கம் லேசாகி, நூறு கிலோமீட்டர் வேகத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் கண்டதும் காரின் பிரேக்கை ஓங்கி மிதித்தால் டிரெய்லர் காரையே திருப்பிவிடும். கொக்கியின் மேல் அழுத்தும் எடை மொத்தத்தில் பத்து விழுக்காடு போல இருக்கணும், உங்களுக்கு 75 கிலோ. அளக்கக் குளியலறைத் தராசு போதும். சமதளத்தில் நிறுத்தி, தராசின்மேல் மரக்கட்டை வைத்து, கொக்கியை அதன்மேல் இறக்குங்கள். தொட்டியை ஆக்ஸிலுக்கு நேர் மேலே, கட்டிலுக்கு அடியில் கொண்டுவாங்கள். 40 லிட்டர் போதும். வழியில் ஊர்கள் இருக்கின்றன.

குளிர்லோரி | மார்ச் 22, இரவு 12:10

12 வோல்ட் வயர். இதை எழுதாமல் தூக்கம் வராது.

காரிலிருந்து டிரெய்லருக்கு 6 மீட்டர் என்று வையுங்கள், போக வர 12 மீட்டர். 20 ஆம்பியர் போனால் 2.5 சதுர மி.மீ. வயரில் 1.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். வீட்டு 230 வோல்ட்டில் அது ஒன்றுமில்லை, 12-இல் ஃபிரிட்ஜ் நின்றுவிடும். 6 சதுரத்தில் 0.7 வோல்ட் போகும். 16 சதுரத்தில் கால் வோல்ட்.

சிங்கப்பூர்க்காரர்கள் விழும் குழி ஒன்று இருக்கிறது. நாம் ஜாலான் புசார் கடையில் 6 என்று கேட்டால் செம்பின் குறுக்குப் பரப்பு 6 சதுரம். அங்கே கார் சாமான் கடையில் 6 மி.மீ. ஆட்டோ கேபிள் என்று விற்பது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு 4.6 சதுரம்தான். சுருளில் சதுர மி.மீ. என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். இங்கேயே வாங்கிப் போனாலும் கெட்டுவிடாது, பல இழை மெல்லிய செம்பாக இருக்கணும், வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக்கம்பி அதிர்வில் ஒடிந்துவிடும்.

பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ். கார் புதுசு என்றால் ஆல்டர்னேட்டர் (எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருவது) மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், நடுவில் அதைச் சீராக்கிப் பேட்டரிக்குத் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

குளிர்லோரி | மார்ச் 23, மாலை 5:30

தாழ்வாக ஒரு திறப்பு வையுங்கள் என்று மார்ச் 3-இல் எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். நிறுத்தியிருக்கும்போது அது சரி. ஓடும்போது டிரெய்லரின் முதுகுப் பக்கம் காற்றழுத்தம் குறைந்து, செம்மண் சாலையில் எழும்பும் தூசி கதவுச் சந்து, திறப்பு எல்லாவற்றிலும் உறிஞ்சப்படும். பெர்த்துக்கு வடக்கே கால்பாரி பக்கம் ஒரு மண்சாலையில் போய்விட்டு மச்சான் கதவைத் திறந்தபோது வெள்ளைத் தலையணை உறை செங்கல் நிறத்தில் இருந்தது. அதற்கப்புறம் கூரையின் முன்பக்கம் காற்றை வாங்கும் சிறு மூடி ஒன்று, வடிகட்டும் பஞ்சோடு பொருத்தினோம். ஓடும்போது அதைத் திறந்து மற்றதை எல்லாம் மூடினால் உள்ளே அழுத்தம் கூடித் தூசி வெளியே நிற்கும். தார்ச்சாலையோடு நிறுத்திக்கொள்வீர்கள் என்றால் இது வேண்டாம், கூரையில் ஓட்டை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

தெம்பனிஸ்வாசி | ஏப்ரல் 5, இரவு 9:00

அண்ணன் போய்ப் பார்த்துவிட்டார். டயர் எண் 1114. பேரிங் லேசாக ஆட்டம். கூரையில் தண்ணீர் விட்டதில் வலது மூலையில் ஒரு சொட்டு. தரை நாலு மூலையும் கெட்டி. விற்பவர் முந்நூறு வெள்ளி குறைக்கிறேன் என்கிறார். வாங்கலாமா?

குளிர்லோரி | ஏப்ரல் 5, இரவு 9:40

வாங்குங்கள். 2014 டயர், இரண்டையும் மாற்றியே ஆகணும், பேரிங்கும் சேர்த்து. முந்நூறில் அடங்காது, இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லுங்கள். தரை கெட்டி என்பதுதான் பெரிய விஷயம்.

ஆனால் ஜூன் திட்டத்தை மாற்றுங்கள். பெர்த்தில் மே முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். ஈரத் தகரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. கூரை வேலை முழுக்க, விசிறிக்கு ஓட்டை போடுவது உட்பட, இந்த மாதமே அண்ணன் முடித்துவிடட்டும். உள்வேலைக்கு நீங்கள் போய்க்கொள்ளலாம். அந்த வலது மூலையில் முன்பு யாரோ சிலிக்கோன் அப்பியிருப்பார்கள். அதன் மேலேயே புதுசைப் பூசினால் ஒட்டாது, சிலிக்கோன் மேல் எதுவும் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் கடைசிப் பிசுக்கு வரை எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, பாலியூரிதேன் சீலன்ட் போடச் சொல்லுங்கள். விசிறிச் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் மாதிரி ஒட்டும் பட்டை).

குளிர்லோரி | ஏப்ரல் 6, காலை 6:05

விசிறி ஓட்டை வெட்டும் முன் உள்ளே நின்று சட்டம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சட்டத்தை வெட்டிவிட்டால் கூரை தொய்ந்து அந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கும். இரண்டு சட்டத்துக்கு நடுவில் 14 அங்குலம் கிடைக்காவிட்டால் விசிறியைப் பின்பக்கம் தள்ளிக்கொள்ளலாம், கட்டில் தலைமாட்டுக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம்.